தொய்வின் கணக்கு

இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு தொங்குபடுக்கை. கடைகளில் ஹேமக் என்று கேட்டால் தருவார்கள். அதில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். தலைமாட்டில் ஒரு கயிறு, கால்மாட்டில் ஒரு கயிறு. ஒவ்வொரு கயிறும் எத்தனை கிலோ இழுவிசையைத் தாங்குகிறது?

ஆளுக்குப் பாதி, அதாவது 35 கிலோ என்று சொல்லத் தோன்றும். கயிறுகள் உத்தரத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கினால் அந்த விடை சரி. ஆனால் மரத்துக்கு மரம் கட்டும் கயிறு சாய்வாகத்தான் போகும். சாய்ந்த கயிறு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: படுத்திருப்பவரை மேலே தூக்குகிறது, மரத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. ஆளைத் தாங்குவது முதல் வேலை மட்டும்தான். பக்கவாட்டு இழுப்பு தலைமாட்டிலும் கால்மாட்டிலும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகிறது. படுத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கயிறு மட்டும் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

எவ்வளவு சுமை என்பதைச் சாய்வுக் கோணம் முடிவு செய்கிறது. எடையில் பாதியை எடுத்து, கயிறு கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். கோணம் 45 டிகிரி என்றால் கயிறு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50 கிலோ. 30 டிகிரியில் சரியாக 70 கிலோ. இரண்டு கயிறும் தனித்தனியே முழு ஆளைத் தாங்குகின்றன. 20 டிகிரியில் 102, 10 டிகிரியில் 202, 5 டிகிரியில் 400. பார்வைக்கு நேர்க்கோடாகவே தெரியும் 2 டிகிரிக்கு இறுக்கிவிட்டால் 1,000 கிலோ. முழுக்கக் கிடைமட்டமாக நிற்கும் கயிறு எந்த எடையையும் தாங்கவே முடியாது. அதற்கு முடிவிலியான விசை வேண்டும். கொல்லைப்புறத்துக் கொடிக்கயிற்றை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈர வேட்டியை விரித்ததும் நடுவில் இறங்கிவிடுவது இதனால்தான். இறங்கினால்தான் கயிற்றுக்கு ஒரு கோணம் கிடைக்கும். கோணம் கிடைத்தால்தான் அது சுமக்கும்.

கயிறு என்றால் இறுக்கமாகக் கட்ட வேண்டும், தொய்ந்தால் பலமில்லை என்று நம் கைகள் பழகியிருக்கின்றன. தொங்குபடுக்கையில் அந்தப் பழக்கம் ஆளைக் கீழே தள்ளும். இதில் தொய்வுதான் பலம். அது மட்டுமல்ல, இந்தப் படுக்கையின் சுகம், தாலாட்டு, குளிர், ஆபத்து ஆகிய எல்லாமே அந்தத் தொய்விலிருந்துதான் பிறக்கின்றன. இந்த அத்தியாயம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது.

காட்டிலிருந்து கப்பலுக்கு

1492 அக்டோபரில் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் பருத்தி வலைகளில் உறங்கினார்கள். அவருடைய பயணக் குறிப்பில் இந்த வலைப்படுக்கைகள் இடம்பெறுகின்றன. கரீபியத் தீவுகளிலும் தென் அமெரிக்க மழைக்காடுகளிலும் இது வெகுகாலமாக இருந்துவந்த கருவி. அந்தச் சூழலுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டில் ஓர் இரவு தரையில் படுத்தவர் உடனே ஒப்புக்கொள்வார். ஈரம் ஊறிய மண், எறும்பு, தேள், பாம்பு, திடீரென்று பெருக்கெடுக்கும் மழைநீர் எல்லாம் தரையில் இருக்கின்றன. மேடு பள்ளம் பார்த்துச் சமன்படுத்தவும் வேண்டும். தொங்குபடுக்கைக்குத் தேவை இரண்டு மரங்கள் மட்டும்; மழைக்காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் சுருட்டினால் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மெக்சிகோவின் யூக்கட்டான் தீபகற்பத்துக்கு இது கரீபியத் தீவுகளிலிருந்து, ஸ்பானியர் வருகைக்குப் பின் வந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. வந்தது நிலைத்துவிட்டது. அங்கே மாயா மக்களின் வீடுகளில் சுவரிலேயே கொக்கிகள் பதித்திருக்கும். இரவில் படுக்கைகள் மாட்டப்படும், பகலில் அவிழ்க்கப்படும், ஒரே அறை படுக்கையறையாகவும் கூடமாகவும் மாறிக்கொள்ளும். மாயாப் பின்னலில் மெல்லிய நூல்கள் முடிச்சில்லாமல் ஒன்றோடொன்று கோத்துச் செல்கின்றன. முடிச்சு உடம்பில் உறுத்தாது என்பதோடு, வலைக்கண்கள் எந்தப் பக்கம் இழுத்தாலும் விரிந்து கொடுக்கும். அமேசான் ஆற்றில் பெலேம் நகரத்துக்கும் மனாவுஸ் நகரத்துக்கும் இடையே பல நாள் ஓடும் பயணிகள் படகுகளில் இன்றும் மேல்தளம் முழுவதும் தொங்குபடுக்கைகள்தான். பயணி தன் படுக்கையைத் தானே கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார்.

ஐரோப்பிய மாலுமிகள் இதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்கள். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்துக் கடற்படையிலும் இது நுழைந்துவிட்டது. அதுவரை சாதாரண மாலுமிக்குப் பலகைத் தளமே படுக்கை. ஈரத்தில் கிடக்க வேண்டும், கப்பல் உருளும்போது ஆளும் உருள வேண்டும். கப்பலின் நீளவாக்கில் கட்டிய தொங்குபடுக்கை அந்த உருளலிலிருந்து ஆளைப் பிரித்தது. காரணம் ஊசலின் இயல்பு. அந்தத் தாழ்வான தளங்களில் தொங்கும் படுக்கை ஒருமுறை ஆடித் திரும்ப 2 நொடிக்கும் குறைவாகவே ஆகும். பெரிய போர்க்கப்பலோ ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். வேகமாக ஆடக்கூடிய ஊசலை மெதுவாக ஆட்டினால் அது கிட்டத்தட்டச் செங்குத்தாகவே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே படுக்கை அநேகமாக நின்ற இடத்தில் நிற்க, கப்பல்தான் அதைச் சுற்றிச் சாய்ந்தாடியது. இரண்டும் ஒரே தாளத்தில் இருந்திருந்தால் ஒத்ததிர்வு ஏற்பட்டு மாலுமி கூரையில் மோதியிருப்பார்.

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் ஒருவருக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம், அதாவது 36 சென்டிமீட்டர். கடலில் பாதிப்பேர் எப்போதும் காவல் பணியில் மேலே இருப்பார்கள் என்பதால் பக்கத்து இடமும் கிடைத்துவிடும். ஆகவே அதிலும் உறங்க முடிந்தது. காலையில் படுக்கைகளை இறுக்கிச் சுருட்டி மேல்தளத்தின் ஓரங்களில் வலைகளுக்குள் வரிசையாக அடுக்குவார்கள். சண்டை மூண்டால் துப்பாக்கிக் குண்டுகளையும் மரச் சிராய்களையும் தடுக்கும் அரண் அது. இரண்டாம் உலகப் போர்க் கப்பல்களிலும் மாலுமிகள் இப்படித்தான் தூங்கினார்கள்.

எந்த வளைவு?

தொங்கும் கயிறு என்ன வடிவம் எடுக்கும் என்ற கேள்வி ஒருகாலத்தில் ஐரோப்பாவின் பெரிய மூளைகளைத் திணறவைத்தது. கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில், தொங்கும் சங்கிலி ஏறத்தாழப் பரவளைய வடிவம் கொள்ளும் என்று எழுதினார். ஏறத்தாழ என்பது சரி. முற்றிலும் சரி என்று சொல்ல முடியாது. 1690இல் யாக்கோப் பெர்னூலி இதை ஒரு சவாலாகவே அறிவித்தார். மறு ஆண்டு லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யாக்கோப்பின் தம்பி யோகான் பெர்னூலி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டார்கள். அந்த வளைவுக்குச் சங்கிலியம் என்று பெயர்.

சங்கிலியம் பிறப்பது கயிறு தன் எடையை மட்டும் சுமக்கும்போது. சுமையின் பரவல் மாறினால் வளைவும் மாறும். கிடைமட்டத்தில் ஒரே சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் கயிறு பரவளையமாகிறது. தொங்குபாலத்தின் முதன்மை வடம் அப்படித்தான் அமைகிறது. தளத்தின் எடை அதன் மேல் சீராக இறங்குகிறது. நடுவில் ஒரே புள்ளியில் சுமையை மாட்டினால் கயிறு இரண்டு நேர்க்கோடுகளாக மடங்கும். தொங்குபடுக்கை இவற்றுக்கு இடைப்பட்டது. மனித எடையில் ஏறத்தாழப் பாதி நடுவுடலில் இருக்கிறது. கால்களும் தலையும் இலேசு. ஆகவே துணி இடுப்புக்குக் கீழே அதிகம் வளைந்து, முனைகளை நோக்கிப் போகப்போக நேராகிறது. எடையற்ற பட்டைகள் மரம்வரை நேர்க்கோடாகவே செல்கின்றன. படுத்திருப்பவர் தம் உடலின் எடைப் பரவலைத் துணியில் வரைந்துகொள்கிறார் என்று சொல்லலாம்.

பாலம் கட்டுவோருக்கும் இதே கணக்குதான். சான் பிரான்சிஸ்கோவில் 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலத்தின் நடுப்பகுதி 1,280 மீட்டர் நீளம். அதன் வடம் நடுவில் 143 மீட்டர் தொய்கிறது. கோபுர உச்சியில் வடத்தின் சாய்வைக் கணக்கிட்டால் சுமார் 24 டிகிரி வருகிறது. வடத்தை இன்னும் இறுக்கியிருந்தால் கோபுரத்தின் உயரத்தைக் குறைத்திருக்கலாம். ஆனால் இழுவிசை எகிறி, வடமும் அதைக் கரையில் பிடித்து வைக்கும் நங்கூரமும் பருத்திருக்கும். தொய்வைக் கூட்டியிருந்தால் இழுவிசை குறையும், கோபுரம் வளர வேண்டியிருக்கும். மரத்தில் எந்த உயரத்தில் பட்டையைக் கட்டுவது என்று யோசிப்பவரும் இதே இரண்டு பக்கங்களைத்தான் எடைபோடுகிறார்.

கோணலாகப் படுத்தால் நேராகப் படுக்கலாம்

தொய்வில் ஒரு குறை உண்டு. தொய்ந்த துணியின் நடுக்கோட்டில் படுத்தால் உடல் வில்லாக வளைகிறது. முதுகு கூன, முழங்கால் பின்பக்கமாக விறைக்க, தோள்களைத் துணி இரு பக்கமும் நெருக்குகிறது. அரைமணி நேரத்தில் இடுப்பு வலிக்கிறது. ஹேமக் தூங்க உதவாது என்று தீர்ப்புச் சொல்பவர்களில் பலர் இப்படிப் படுத்தவர்கள். வளைவைக் குறைப்பதற்காகக் கயிற்றை இறுக்குகிறார்கள். அப்போது துணியின் ஓரங்கள் விறைத்து இன்னும் நெருக்குகின்றன, ஆளைக் கவிழ்க்கவும் பார்க்கின்றன.

அமேசான் மக்களும் மாயா மக்களும் நடுக்கோட்டில் படுப்பதில்லை. தலையை ஒரு பக்க ஓரத்துக்கும் காலை மறுபக்க ஓரத்துக்கும் தள்ளி மூலைவிட்டமாகப் படுக்கிறார்கள். இதற்கான கணிதத்தை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதினார். ஒரு பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது நாம் எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. உருளை போல ஒரு திசையில் மட்டும் வளைந்த பரப்பில், அந்தத் திசையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வளைவு குறையும். 30 டிகிரி விலகினால் முக்கால் பங்கு மிஞ்சும். 45 டிகிரியில் பாதி. நிஜத் துணி இதைவிட நன்றாக ஒத்துழைக்கிறது. கோணலாகப் படுத்ததும் தலையும் பாதமும் ஓரத் துணியை வெளியே தள்ளுகின்றன, நடுவில் தளர்ந்திருந்த துணி விரிந்து கொடுக்கிறது, உடல் ஏறத்தாழச் சமதளத்தில் கிடக்கிறது. இந்த விரிவுக்குத் துணியில் உபரி வேண்டும். உபரியைக் கொடுப்பது தொய்வு. தொய்வு உண்டாக்கிய வளைவைத் தொய்வே தீர்த்துவைக்கிறது.

முகாம் பைகளில் எடுத்துச்செல்லும் நவீன ஹேமக்குகளில் இரு முனைகளுக்கும் இடையே, முகத்துக்கு மேலே, ஒரு மெல்லிய கயிறு ஓடும். அதன் நீளத்தைத் துணி நீளத்தில் 83 சதவீதமாக வைப்பது வழக்கம், 3.3 மீட்டர்த் துணிக்குச் சுமார் 2.75 மீட்டர். மரங்கள் நெருங்கி நின்றாலும் தள்ளி நின்றாலும் துணியின் தொய்வு மாறாமல் இந்தக் கயிறு பார்த்துக்கொள்கிறது.

பச்சிளங்குழந்தைகள் விஷயம் வேறு. பெரியவர் கோணலாக நகர்ந்து வளைவைக் குறைத்துக்கொள்வார். கழுத்து நிற்காத குழந்தையால் முடியாது. வளைந்த படுக்கையில் மோவாய் மார்பில் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும் அபாயம் இருக்கிறது. கைக்குழந்தை உறங்க உறுதியான சமதளமே ஏற்றது என்று குழந்தைநல மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான்.

நான்கு நொடித் தாளம்

லேசாகக் காலை ஊன்றி உந்தினால் படுக்கை ஆடத் தொடங்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆடும்? ஊசல் சூத்திரத்தில் நீளமும் ஈர்ப்பும்தான் வருகின்றன, எடை வருவதில்லை. மெலிந்தவரும் பருத்தவரும் ஒரே தாளத்தில்தான் ஆடுவார்கள். நீளம் என்பது இங்கே கயிற்றின் நீளம் ஆகாது. இரண்டு மரங்களிலும் பட்டை கட்டிய புள்ளிகளை இணைக்கும் கற்பனைக் கோட்டிலிருந்து உடல் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதுதான். மறுபடியும் தொய்வு. வழக்கமான ஹேமக்கில் அது சுமார் 1.2 மீட்டர், அலைவு நேரம் 2.2 நொடி. இறுக்கிக் கட்டினால் வெடுக்கு வெடுக்கென்று ஆடும், தொய்யவிட்டால் நிதானமாக ஆடும். நம் பழைய வீடுகளின் உயரமான உத்தரத்திலிருந்து 2.5 மீட்டர் இறங்கும் தூளிக்கு 3.2 நொடி.

ஆட்டம் உண்மையிலேயே தூக்கத்தை வரவழைக்கிறதா? ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 12 ஆண்களை மதியம் 45 நிமிடம் தூங்கவைத்தார்கள். ஒருமுறை அசையாத கட்டிலில், ஒருமுறை மெதுவாக ஆடும் கட்டிலில். கட்டில் 4 நொடிக்கு ஒருமுறை ஆடித் திரும்பியது. ஆடும் கட்டிலில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். இலகுத் தூக்கத்திலிருந்து அடுத்த நிலைக்கு விரைவாகப் போனார்கள். ஆழ்ந்த தூக்கத்துக்குரிய மெதுவான மூளையலைகள் கூடின. 2019இல் 18 பேர் இரவு முழுவதும் தூங்கிய தொடர் ஆய்வில் ஆழ்ந்த தூக்கம் அதிகரித்தது. முதல் நாள் மாலை படித்த சொற்சோடிகளைக் காலையில் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள்.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்திலேயே எலிகளை ஆட்டித் தூங்கவைத்த இன்னோர் ஆய்வு காரணத்தைச் சுட்டியது. எலிகளுக்குப் பிடித்த தாளம் நொடிக்கு ஒருமுறை, மனிதரைவிட நான்கு மடங்கு வேகம். உட்காதில், முடுக்கத்தை உணரும் நுண்கற்கள் செயல்படாத எலிகளுக்கு ஆட்டத்தால் எந்தப் பலனும் கிடைக்கவில்லை. நாம் சாய்கிறோமா, நகர்கிறோமா என்று மூளைக்குச் சொல்லும் அதே உறுப்புதான் தாலாட்டையும் கேட்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஹேமக் தூக்கமின்மைக்கு மருந்து என்று விற்க முடியாது. ஆய்வகக் கட்டில் மோட்டாரால் இரவு முழுதும் ஆடியது. நம் படுக்கையின் ஆட்டம் காற்றிலும் கயிற்று உராய்விலும் ஆற்றலை இழந்து சில நிமிடங்களில் அடங்கிவிடும். 4 நொடித் தாளம் வேண்டுமென்றால் 4 மீட்டர்த் தொய்வு வேண்டும். அதற்கு ஏணி வைத்துத்தான் மரத்தில் கட்ட வேண்டும்.

நிலவில் தாளம் இன்னும் மெதுவாக இருக்கும். 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கலத்தில் படுக்கை இல்லை. ஆல்ட்ரின் தரையில் முடங்கினார், ஆம்ஸ்ட்ராங் எந்திர மூடியின் மேல் சாய்ந்து, கால்களை ஒரு வளையத்தில் மாட்டிக்கொண்டார். குளிரில் இருவருக்கும் சரியான தூக்கமில்லை. அதன்பின் நிலவில் இறங்கிய கலங்களில் தொங்குபடுக்கைகள் வைக்கப்பட்டன. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. கயிற்றின் இழுவிசையும் ஆறில் ஒரு பங்கு. பூமியில் 2.2 நொடிக்கு ஆடும் படுக்கை அங்கே 5.4 நொடி எடுத்துக்கொள்ளும்.

கீழிருந்து வரும் குளிர்

வெப்ப நாடுகளில் இந்தப் படுக்கையின் பெரிய வரம், முதுகுக்குக் கீழேயும் காற்று ஓடுவது. மெத்தையில் படுத்தால் உடலின் ஒரு பக்கம் வியர்வை ஆவியாக வழியில்லாமல் புழுங்கும். வலையில் அந்தத் தொல்லை இல்லை. மலைக்குப் போனால் அதே வரம் சாபமாகிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் சுருட்டி எடுத்துப்போன ஹேமக்கில் படுப்பவர்கள் நள்ளிரவில் விழித்துக்கொள்வது முதுகு சில்லிட்டுத்தான்.

நல்ல உறக்கப்பைக்குள் படுத்தும் ஏன் குளிர்கிறது? உறக்கப்பையில் நம்மைக் காப்பது பஞ்சோ இறகோ அல்ல, அவற்றுக்கிடையே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். உடல் எடை அழுத்தியதும் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, மெல்லிய துணியாகிவிடுகிறது. அதற்குக் கீழே வீசும் காற்று, தோல் சூடாக்கிய படலத்தை ஓயாமல் அடித்துக்கொண்டு போகிறது. தரையில் படுப்பவருக்கு எதிரி வெப்பக் கடத்தல். அந்தரத்தில் படுப்பவருக்கு எதிரி வெப்பச் சலனம். தீர்வு எளிது: கனத்த போர்வையைப் படுக்கைக்கு உள்ளே விரிக்காமல் வெளியே, அடிப்பக்கமாகத் தொங்கவிட வேண்டும். அங்கே எடை நசுக்காது. காற்று சிறைப்பட்டே இருக்கும். அது கைவசம் இல்லையென்றால் நசுங்காத ஃபோம் விரிப்பை உள்ளே போட்டுக்கொள்ளலாம். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. மேலே கொசுவலை கட்டியிருந்தாலும் மெல்லிய நைலான் வழியே கொசு கீழிருந்து கடிக்கும். விரிப்பு அதையும் தடுக்கிறது.

சாய்ந்த கயிறு மழையில் வாய்க்காலாகவும் மாறும். மரத்தில் வழியும் நீர் பட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நேரே படுக்கைக்கு வரும். கூரையாகத் தார்ப்பாய் கட்டியும் நனைவது இப்படித்தான். பட்டையில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கே வழிமாறிச் சொட்டிவிடும்.

மரமும் தூணும்

இதுவரை பேசிய இழுவிசையெல்லாம் கடைசியில் போய்ச் சேருமிடம் மரம். மரப்பட்டைக்குச் சற்றே உள்ளே, இலை தயாரித்த உணவை வேருக்குக் கொண்டுபோகும் புளோயமும் அதற்கடுத்துக் கேம்பியம் என்ற வளரும் படலமும் இருக்கின்றன. கேம்பியம் சில செல்கள் மட்டுமே தடிமன் கொண்டது. மெல்லிய கயிறு இவற்றை நசுக்கிவிடும். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தை 5 மில்லிமீட்டர்க் கயிறு 70 கிலோ விசையோடு அணைத்தால், பின்பக்கத்தில் சதுர சென்டிமீட்டருக்கு சராசரியாக 7 கிலோ அழுத்தம். அதே விசையை 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் பரப்பினால் 0.7 கிலோ. பத்தில் ஒரு பங்கு. முகாம்களில் அகலப் பட்டையை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

விளம்பரப் படங்களில் ஹேமக் எப்போதும் தென்னை மரங்களுக்கு நடுவே தொங்கும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் வளையம் கிடையாது, குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. எனவே ஓரத்தில் அறுந்தால் மற்ற மரங்களைப் போல உணவுப் பாதை முழுதாக அடைபடாது. ஆனால் பட்ட காயத்தை மூடிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது; வடு நிரந்தரம். படுத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய கவலை மேலே இருக்கிறது. தேங்காயும் காய்ந்த மட்டையும் நேரம் சொல்லிவிட்டு விழுவதில்லை.

மரம் கிடைக்காதபோது செங்கல் தூணைத் தேடுகிறார்கள். இதுதான் உயிருக்கு உலைவைக்கும் தவறு. 70 கிலோ ஆள், 30 டிகிரிக் கயிறு. பக்கவாட்டு இழுப்பு மட்டும் 61 கிலோ. கட்டிய உயரம் 1.7 மீட்டர் என்றால் தூணைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் ஏறத்தாழ 103 கிலோ-மீட்டர். 23 சென்டிமீட்டர்ச் சதுரத்தில் 2 மீட்டர் உயரம் எழுப்பிய, கம்பியில்லாத செங்கல் தூணின் எடை சுமார் 200 கிலோ. அந்த எடை தூணைக் காலூன்றி நிறுத்தத் தரும் திருப்புத்திறன் 23 கிலோ-மீட்டர்தான். நாலரை மடங்கு வித்தியாசம். மிச்சத்தைச் சாந்தின் ஒட்டுதல் தாங்க வேண்டும். செங்கல் கட்டு மேலிருந்து வரும் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும். இழுத்தால் சாந்து பிரிந்துவிடும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படிச் சரிந்த தூண்கள் படுத்திருந்தவர்களின் உயிரைப் பறித்திருக்கின்றன. தூண் உள்நோக்கி, ஆள்மேல்தான் விழும். கயிற்றை இறுக்கினால் பக்கவாட்டு இழுப்பு இன்னும் கூடும்: 10 டிகிரியில் அது 198 கிலோ. மரத்துக்கு நிலத்தடியில் பரந்த வேர்கள் உண்டு. தூணுக்கு அப்படி எதுவுமில்லை.

கட்டும் முறை

சுமார் 4.5 மீட்டர் இடைவெளியில், உயிருள்ள, தொடை அளவுக்காவது பருத்த இரண்டு மரங்கள். மேலே பட்டுப்போன கிளை இல்லை என்று அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். 3.3 மீட்டர்த் துணிக்குப் பட்டையைத் தரையிலிருந்து 1.7 மீட்டர் உயரத்தில் கட்டினால், ஆள் உட்காரும்போது துணி நாற்காலி உயரத்தில், அதாவது 45 சென்டிமீட்டரில் நிற்கும். கோணத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். பட்டை மரத்திலிருந்து கிடைமட்டமாக ஒரு மீட்டர் விலகும்போது 58 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அது 30 டிகிரி.

முதலில் பாதங்கள் தரையில் இருக்க மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்து உட்காரக் கூடாது. ஒரு துளி உயரத்திலிருந்துகூட விழாமல் எடையைச் சட்டென்று விட்டாலே, நீளும் கயிற்றில் இழுவிசை ஒரு கணம் இரட்டிப்பாகும். 70 கிலோவுக்கு 140. கொஞ்ச நேரம் கழித்துக் கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும். நைலான் எடையில் நீளும், ஈரத்தில் இன்னும் நீளும், படுக்கை தரையை நோக்கி இறங்கும். பாலியெஸ்டர் பட்டை இதைவிடக் குறைவாகவே நீளும்.

இந்த 30 டிகிரி இயற்கை விதித்த எண் அல்ல. 45 டிகிரியில் கயிறு இன்னும் நிம்மதியாக இருக்கும். ஆனால் கட்டும் புள்ளி தலைக்கு மேலே எட்டாத உயரத்துக்குப் போய்விடும், துணியும் குழியாகிவிடும். 20 டிகிரியில் கட்டுவது எளிது. கயிறும் மரமும் ஒன்றரை மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். கைக்கு எட்டும் உயரம், முதுகுக்கு இதமான வளைவு, கயிறு பொறுக்கும் விசை ஆகிய மூன்றும் ஓரளவு ஒத்துப்போகும் இடம் 30 டிகிரி. உங்கள் கணக்கு 30க்குச் சற்றுக் கூடவோ குறையவோ வந்தால் கவலையில்லை. சந்தேகம் வந்தால் கயிற்றைத் தளர்த்துங்கள்.